மறவாத் தகடு

வருடா வருடம் ஜூன் மாதத்தில், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் கோகிலவாணியின் கணவனைப் படம் போட்டுக் காட்டுவார்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்த அந்த உயர்பொருள் ஆய்வு நிலையத்தில் பாதுகாப்பு வகுப்பு என்று ஒன்று உண்டு. அதன் நடுவில் திரையில் சென்னியப்பனின் அடையாள அட்டைப் படம் பெரிதாக வரும். படிய வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். கீழே சிவப்பு எழுத்தில் ‘அஜாக்கிரதை’ என்று போட்டிருப்பார்கள். “இவர் சட்டைப் பையில ஒரு ஸ்பேனரை வெச்சுக்கிட்டுக் காந்தத்து மேல ஏறினார். அப்புறம் எறங்கவே இல்ல. நீங்க யாரும் இவரை மாதிரி இருக்காதீங்க” என்பார் வகுப்பு எடுப்பவர். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அடுத்தது தீயணைப்புக் கருவி பற்றிய பாடம்.

டாக்டர் கோகிலவாணி அதே நிலையத்தில்தான் உலைக்கூடத்துப் பொறுப்பாளர். வகுப்பு நடக்கும் நாளில் அவள் விடுப்பு எடுத்ததில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் கேட்பாள். புருஷன் போன துக்கம் மரத்துவிட்டது போல என்று கேன்டீனில் சிலர் பேசிக்கொண்டார்கள். மரக்கவெல்லாம் இல்லை. ஆறிவிடக் கூடாது என்று அவள் தன் கோபத்துக்கு வருடா வருடம் விறகு போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் சென்னியப்பனும் சேர்ந்து உருவாக்கியதுதான் அந்த நிலையத்தின் பெயரை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோன கறுப்புத் தகடு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எழுபது டிகிரி சூட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதற்குள் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். ஓட ஆரம்பித்தால் நிற்காது. அதைச் சூடாக்கி ஆற விட்டால், ஆறும் நேரத்தில் பக்கத்தில் எந்தக் காந்தம் எப்படி இருந்ததோ அதை அப்படியே உடம்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி யாராவது சூடாக்கினால் ஒழிய விடாது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு மறவாத் தகடு என்று பெயர் சூட்டினார்கள். பிடித்த பிடியை விடாத குணம் இருப்பதால், காந்தத் தண்டவாளத்துக்குக் கீழே எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். ஆளை வைத்துத் தொங்கவிடலாம், நாளைக்கு ரயிலையே தொங்கவிடலாம் என்று நிலையத்தின் இயக்குநர் டாக்டர் அருணகிரி மேடைக்கு மேடை பேசினார். கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. செத்தவன் வந்து கேட்கப் போகிறானா என்ன.

அமைச்சர் முன்னிலையில் தொங்கு நாற்காலி காட்டப்போகிறார்கள் என்று முடிவானபோது தகடுகள் போதவில்லை. சரக்கறையில் மூட்டை கட்டிப் போட்டிருந்த பழைய தகடுகளை எடுத்துச் சூடாக்கி அழித்து, திரும்பப் பயன்படுத்தலாம் என்று கோகிலவாணியிடம் அனுப்பினார்கள்.

சூடாக்குவதற்கு முன் ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு பச்சைத் தாளை வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். காந்தம் இருக்கும் இடத்தில் அந்தத் தாள் கோலம் போட்டதுபோல் வரி காட்டும். “அழிக்கறதுக்கு முந்தி என்ன இருந்துச்சுன்னு ஒருக்காப் பாத்துரு” என்பார் சென்னியப்பன். அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

நாலைந்து தகடுகள் கழித்து வந்த ஒன்றின் ஓரத்தில் சென்னியப்பனின் கோணல் எழுத்தில் எண் போட்டிருந்தது. எண்ணைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சென்னியப்பன் செத்துப்போன ஆயுத பூஜை அன்று பெரிய காந்தத்தின் வாயில் ஆறிக்கொண்டிருந்த தகடு அது. பச்சைத் தாளை வைத்தாள்.

ஐந்து வட்டங்கள்.

ஸ்பேனர் எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்பேனர் ஸ்பேனர் மாதிரிதான் தெரியும். இது அது இல்லை. கைப்பையைத் திறந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஒரு வட்டத்தின் மேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

நான்கு வட்டங்கள் தெளிவாக இருந்தன. ஐந்தாவது இழுபட்டிருந்தது, ஈரக் கோலத்தைக் கால் தேய்த்துவிட்டதுபோல. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகடு ஆறிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு காசைப் பிய்த்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறார்கள். காந்தத்தின் வாயருகே, மேல்தட்டில், அன்று ஒரே ஓர் ஆள்தான் நின்றிருந்தார்.

“உடனே போயிட்டார்மா. ஒரு நொடி. கஷ்டமே படல” என்று மின்மயானத்தில் அவள் தலையில் கை வைத்துச் சொன்னவர் அருணகிரி. அந்தத் தகடு ஆற ஒரு சாப்பாட்டு நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் சென்னியப்பன் உயிரோடு நின்று காசைப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையில் வைத்த அந்தக் கையை வெட்ட வேண்டும் போல இருந்தது கோகிலவாணிக்கு. தகட்டைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வெயிலில் நின்ற காரில் வைக்கப் பயந்து, நிலையத்துப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே போனாள். குளிர்சாதனப் பெட்டியில் இட்லி மாவுத் தூக்குக்குப் பின்னால் அதை வைத்தாள்.

மறுநாள் காலை, காந்தக்கூடத்து உதவியாளர் ஆறுச்சாமியை வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கினாள். ஆறுச்சாமி சென்னியப்பனைவிட இரண்டு வயது இளையவன். அண்ணன் அண்ணன் என்று அவர் காலைச் சுற்றியவன். அவள் கணவன் போனதிலிருந்து அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான்.

“ஆறுச்சாமி, அன்னிக்குக் காந்தக்கூடத்துக்குள்ள காசு எப்படி வந்துச்சு?”

“எந்தக் காசுங்க அண்ணி?”

“ஒரு ரூவாக் காசு. அஞ்சு.”

அவன் முகம் செத்துவிட்டது. “யாருங்க சொன்னாங்க?”

“உங்கண்ணன் சொன்னார்.”

வண்டியின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பூசணிக்காய்ல போட்டதுங்க.”

“என்னது?”

“வருசா வருசம் டைரக்டர் அய்யா வராண்டாவுலதானுங்க திருஷ்டி சுத்தி ஒடைப்பாரு. அந்த வருசம் காந்தத்துக்கு முன்னாலயே ஒடைக்கோணும்னுட்டாரு. மக்யாநாள் விடிஞ்சா வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, கண்ணு பட்டுரும்னு.”

“காந்தத்தை நிறுத்தலையா?”

“நிறுத்துனா மறுபடி ஏத்த ஒரு வாரமாகும்னாருங்க. அண்ணன் மேல தட்டுல நின்னு தகட்டை ஆற வெச்சுட்டு இருந்தாரு. மத்தவங்க எல்லாம் பொரி வாங்கறதுக்கு வெளிய வரிசைல நின்னாங்க. நானும் அய்யாவுந்தான் உள்ள போனோம். பெல்ட்டு, சாவி, போனு எல்லாத்தையும் வெளிய வெச்சுட்டோமுங்க. ரத்தக் கொதிப்புக்குன்னு கையில மணி கோத்த காந்த வளையல் ஒண்ணு போட்டிருப்பாரே, அதக்கூடக் கழட்டி வெச்சாரு. பூசணிக்காய யாருங்க இரும்புன்னு நெனப்பாங்க?”

“காசைப் போட்டது யாரு?” என்றாள் கோகிலவாணி.

“தொளை போட்டு, குங்குமத்தக் கரைச்சு ஊத்தி, காசப் போட்டு மூடுனது நாந்தானுங்க. வாசல்ல எனக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு. கேட்டனுங்க அண்ணி, சத்தியமாக் கேட்டேன். ‘காசு காந்தத்துல ஒட்டாதுய்யா, அது நிக்கல் கலவை, நான் சின்னப் பையனா இருக்கறப்பவே ஒட்டிப் பாத்திருக்கேன்’னாரு. அவரு படிச்சவரு.”

“அவர் சின்னப் பையனா இருந்தப்ப இருந்த காசு ஒட்டாது. இப்ப வர்றது எஃகுக் காசு.”

“உள்ள போகப் போகக் காய் கையில இழுத்துச்சுங்க. மாடு கயித்த இழுக்குமே, அப்படி. ‘அய்யா, இழுக்குதுங்க’ன்னேன். ‘சாமி எறங்கிருச்சுய்யா’ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு எங்கிட்ட இருந்து வாங்கி ஒடைச்சாரு.” ஆறுச்சாமி விரலால் மேலே காட்டினான். “காசு கீழ விழுகலீங்க அண்ணி. மேல போச்சு.”

காந்தத்தைக் குளிர வைக்கும் வாயு ஓடும் குழாயின் மூக்கை ஒரு காசு அடித்து உடைத்துவிட்டுத் தகட்டில் போய் ஒட்டியிருக்கிறது. வெள்ளைப் புகையாக வந்த வாயு அறையிலிருந்த மூச்சுக்காற்றை விரட்டியது. இருவரும் வெளியே ஓடி வந்து கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் குளிர் போய்க் காந்தம் தானே செத்துப்போனதும் ஒட்டியிருந்த காசெல்லாம் உதிர்ந்தன. அவற்றைப் பொறுக்கி, தரையைக் கழுவி, ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து மேல்தட்டில் போட்டது ஆறுச்சாமி. போடச் சொன்னது அருணகிரி.

“பூசணிக்காய்னு வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும், நெலையத்த மூடிருவாங்க, அத்தன குடும்பமும் தெருவுக்கு வந்துரும்னாருங்க. எம்பட மவளுக்கு ஆபீசுல வேலையும் போட்டுக் குடுத்தாரு.”

“கதவைச் சாத்தினப்ப அவர் உயிரோட இருந்தாரா?”

ஆறுச்சாமி தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். “அதுக்கப்பறம் எங்கிட்டக் கேக்காதீங்க அண்ணி. உங்க கால்ல வேணா விழுகறேன்.”

“நாலு பேர் முன்னால வந்து இதைச் சொல்லுவியா?”

“முடியாதுங்க.”

அவளுக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதை அப்போது செலவழிக்கவில்லை.

தகட்டை நேராகக் கொண்டுபோய்க் காட்டலாம்தான். அருணகிரி என்ன சொல்வார் என்றும் அவளுக்குத் தெரியும். ‘பாவம், புருஷன் போனதுல இருந்தே ஒரு மாதிரிதான் இருக்கு. தானே காசை வெச்சுத் தகட்டைச் செஞ்சுட்டு வந்து நிக்குது.’ உலையும் அவள் கையில், காந்தமும் அவள் கையில்; யார்தான் நம்ப மாட்டார்கள்? அவர் குற்றத்துக்கு அவரே முத்திரை குத்த வேண்டும்.

ஆகவே அவள் உண்மையிலேயே ஒரு தகட்டைச் செய்தாள். புதுத் தகட்டைச் சூடாக்கி, காந்தத்தின் வாயில் வைத்து, ஐந்து ஒரு ரூபாய்க் காசுகளை அதே இடங்களில் ஒட்டினாள். ஆறும்போது ஐந்தாவது காசைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். காசு ஒரு நூல் நகர்ந்தது, அவள் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அப்போதுதான் அவளுக்கு மின்மயானம் ஞாபகம் வந்தது. சென்னியப்பனின் வலது கையில் மூன்று விரல்களில் நகம் இல்லை. அதை அன்றே பார்த்திருந்தாள். அழுகைக்கு நடுவே யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, அருணகிரியின் குலம் கோத்திரம் எல்லாம் இழுத்துத் திட்டித் தீர்த்தாள்.

பிறகு ஆறுச்சாமியைக் கூப்பிட்டாள்.

“உங்கண்ணன் அன்னிக்கு ஆற வெச்ச தகட்டுல அந்தக் காசெல்லாம் பதிஞ்சிருக்கு, அதை உலைக்கூடத்துல என் மேசை இழுப்பறையில வெச்சிருக்கேன். அமைச்சர் வர்ற அன்னிக்கு எல்லார் முன்னாலயும் காட்டப் போறேன். யார்கிட்டயும் சொல்லிராதே. கொதிக்கற தண்ணியில ஒருக்கா முக்கி எடுத்தாக்கூட எல்லாம் அழிஞ்சுரும், அப்புறம் என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“சொல்ல மாட்டனுங்க அண்ணி” என்றான் அவன்.

சொல்லிவிடுவான். மகள் வேலை இருக்கிறது, ஸ்பேனரைப் போட்ட கை இருக்கிறது, பயம் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் சொன்னாள். இழுப்பறையைப் பூட்டவில்லை. இரண்டு நாள் வேண்டுமென்றே சாப்பாட்டுக்குச் சீக்கிரம் போய், தாமதமாக வந்தாள்.

இரண்டாம் நாள் தகடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. துடைத்து வைத்ததுபோல் கொஞ்சம் பளபளப்பு கூடியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பச்சைத் தாளை வைத்தாள். ஐந்து வட்டங்களும் போயிருந்தன. தகடு வெறுமையாக இருந்தாலே அவளுக்குப் போதும். ஆனால் வெறுமையாக இல்லை. சின்னச் சின்ன மணிகள் ஒரு வரிசையாக, மணிக்கட்டு வளைகிற மாதிரி வளைந்து தெரிந்தன.

ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கோகிலவாணி சிரித்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த மனிதர் தன் அறையில் டீ போடும் கெட்டிலில் வெந்நீர் வைத்துத் தகட்டை முக்கியிருக்கிறார். பிறகு துண்டால் பொத்தித் துடைத்திருக்கிறார். துடைக்கும்போது ரத்தக் கொதிப்புக்குப் போட்ட காந்த வளையல் அதன் மேல் படிந்திருக்கிறது; தகடு ஆறியிருக்கிறது. மறவாத் தகடு என்று ஊரெல்லாம் பேசுகிறவர், அது தன்னையும் மறக்காது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அமைச்சர் வந்த அன்று காட்சிக்கூடத்தில் உட்கார இடமில்லை. தரைப் பக்கத்திலிருந்து கூரைவரை சரிவாக ஏறும் காந்தத் தண்டவாளம். அதற்குக் கீழே, எதையும் தொடாமல், ஒரு நாற்காலி. அதன் முதுகில் நான்கு தகடுகள். பட்டு ஜிப்பாவும் சட்டைக் கழுத்தில் மைக்குமாக அருணகிரி அதில் ஏறி உட்கார்ந்தார். கீழே கட்டுப்பாட்டு மேசையில் கோகிலவாணி. நாற்காலியை நகர்த்தும் பிடி அவள் கையில் இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் தகடுகள் சூடாகும். எழுபதைத் தாண்டினால் பிடி விட்டுப்போகும். தகடுகளை மாற்றும்போது பயன்படுத்துவதற்காக வைத்தது. அந்தப் பொத்தானை நினைக்காமல் அந்த மாதத்தில் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை.

நாற்காலி சரிவில் மெல்ல ஏறி, மூன்று ஆள் உயரத்துக்குப் போனது. கூட்டம் கை தட்டியது. நட்ட நடுவில் அவள் நிறுத்தினாள்.

“அமைச்சர் அய்யாவுக்கு இந்தத் தகட்டோட ஞாபக சக்தியைக் காட்டறோம்” என்று மைக்கில் சொன்னாள்.

“வாணி, இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா!” என்றார் அருணகிரி மேலிருந்து. கூட்டம் சிரித்தது.

அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தகட்டைக் கேமராவுக்குக் கீழே வைத்து, பச்சைத் தாளை மூடினாள். பெரிய திரையில் ஐந்து வட்டங்கள் விரிந்தன.

“காசு மாதிரி இருக்கு” என்றார் அமைச்சர்.

“காசுதானுங்க அய்யா. மூணு வருஷத்துக்கு முன்னால ஆயுத பூஜைக்கு, ஓடற காந்தத்துக்கு முன்னாடி பூசணிக்காய் உடைச்சாங்க. அதுக்குள்ள இருந்த காசு. அன்னிக்குச் செத்தவர் என் வீட்டுக்காரர். அவர் பையில ஸ்பேனர் இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் பாடம் நடத்தறாங்க.”

“பாவம், அது மனசு சரியில்லாத பொண்ணு சார்” என்று அருணகிரியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “அதுவே செஞ்சு கொண்டுவந்திருக்கும்.”

“அப்படித்தான் சார் சொல்வீங்கன்னு தெரியும்” என்றாள் கோகிலவாணி. இரண்டாவது தகட்டை வைத்தாள். “இதுலயும் அதே காசு இருந்துச்சு. இதை நான் செஞ்சதுதான், ஒத்துக்கறேன். இது அசல்னு நெனச்சு யாரோ என் இழுப்பறையில இருந்து எடுத்து, வெந்நீர்ல போட்டு அழிச்சு, துடைச்சு, திரும்ப வெச்சிருக்காங்க. துடைக்கறப்ப அவங்க கையில என்ன போட்டிருந்தாங்கன்னு பாருங்க.”

மணி மணியாக ஒரு வளைவு திரையில் வந்தது. பக்கத்துத் திரையில் அருணகிரியைத்தான் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் நாற்காலிக் கம்பியை எட்டிப் பிடித்திருந்தார். ஜிப்பாக் கை முழங்கைக்கு இறங்கியிருந்தது. மணிக்கட்டில் வளையல். ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு எல்லாத் தலைகளும் திரும்பின.

“எறக்கு! எறக்கச் சொல்லுங்க! சூடு ஏத்தறா, என்னைக் கொல்லப் பாக்கறா!”

“சூடு முப்பத்தொண்ணுதான் சார். தகடு விடாது. நீங்க கண்டுபிடிச்சதுதானே, நம்புங்க.”

அவர் நம்பவில்லை. தன் பெயர் போட்டுக்கொண்ட பொருள் தன்னைத் தாங்குமா என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதைத் தெரிந்தவன் செத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. “காசு ஒட்டும்னு எனக்குத் தெரியாது! தெரியாமத்தான் உடைச்சேன்! ஸ்பேனர் போடச் சொன்னது தப்புதான், தப்புதான், எறக்கு!” என்று அவர் கத்தியது அவருடைய மைக்கிலேயே கூடம் முழுக்கக் கேட்டது.

கோகிலவாணியின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்த வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அழுத்தவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். விழுந்தால் உடனே போய்விடுவார். உடனே போகும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கக் கூடாது. நாற்காலியை அங்கேயே தொங்கவிட்டு, மேசையைவிட்டு எழுந்து, கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனாள். அவரை எப்படி இறக்குவது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க அன்று மாலையாகிவிட்டது.

அருணகிரி மேல் வழக்கு வந்தது. விருதுகள் திரும்பப் போயின. ஆறுச்சாமி அரசுத் தரப்பில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டான். சென்னியப்பன் பெயர் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்துக்கு வந்தது. ‘அஜாக்கிரதை’ என்ற படத்தை வகுப்பிலிருந்து எடுத்தார்கள். வயிறு குளிரும் என்று கோகிலவாணி எதிர்பார்த்திருந்தாள். குளிர்ந்ததும் உண்மைதான். காலையில் எழுந்தால் பசித்தது, இட்லி ருசித்தது.

ஒரு மத்தியானம் ஆறுச்சாமி உலைக்கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

“நான் அய்யாகிட்டப் போய்ச் சொல்லோணும்னுதான எங்கிட்டச் சொன்னீங்க அண்ணி?”

“ஆமா.”

“அது தெரிஞ்சேதான் போய்ச் சொன்னேன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

அவன் தலையாட்டினான். “வழக்குல எல்லாத்தையும் சொல்லிட்டனுங்க. ஒண்ணே ஒண்ணத் தவிர. அத உங்ககிட்டச் சொல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

“சொல்லு.”

“கதவச் சாத்திட்டு வந்தப்பறம் வெளிய இருக்கற ஸ்பீக்கர்ல அண்ணன் பேசுனது கேட்டுச்சுங்க. ஆனா அவரு கொரல் இல்லீங்க. அந்த வாயு உள்ள போச்சுன்னா கொரல் சன்னமாயிருமாமா. பொம்மைப் படத்துல எலி பேசுமே, அது மாதிரி.”

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஹீலியம். எத்தனை தடவை அந்தப் பெயரை எழுதியிருக்கிறாள். இது தோன்றவே இல்லை.

“‘டேய் ஆறுச்சாமி, காய்க்குள்ள காசு போட்டியாடா? கதவத் தெறடா’ன்னாரு. அந்தக் கொரல்ல. அய்யா சிரிச்சுட்டாரு. ‘உங்கண்ணன் வெளையாடறான் பாரு’ன்னாரு. பொகை எப்பவும் வாயு ஏத்தறப்ப வர்றதுதானேன்னு நானும்…” அவன் நிறுத்தி, மறுபடி தொடங்கினான். “நானும் சிரிச்சனுங்க அண்ணி. வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சேன். அவரு மறுக்கா மறுக்காக் கூப்பிட்டாரு. கூப்பிடக் கூப்பிடச் சிரிப்புத்தான் வந்துச்சு. அப்பறம் சத்தம் நின்னு போச்சு. நாங்க கதவ உள்பக்கமாத் தள்ளித் தெறக்கப் போனா உள்ள இருக்கற காத்து தள்ளிக்கிட்டுத் தெறக்கவே மாட்டேனுருச்சு.”

தகட்டில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். நகம் பிய்ந்தது இருந்தது, காசு நகர்ந்தது இருந்தது. சிரிப்பு இல்லை. அதைக் கேட்டவர்கள் மட்டுமே வைத்திருந்தார்கள்.

“அடிச்சுருங்க அண்ணி” என்றான் ஆறுச்சாமி. “செருப்பக் கழட்டி அடிச்சுருங்க.”

“எதுக்கு? அடிச்சா ஆறிரும்” என்றாள் அவள். “ஜூன் மாசம் வகுப்புக்கு வா.”

அந்த ஜூனில் பாதுகாப்பு வகுப்பை அவளே எடுத்தாள். புதுப் பிள்ளைகள் அறை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். திரை வெறுமையாக இருந்தது. ஆறுச்சாமி ஒரு நீலப் பலூனோடு முன்னால் நின்றான். பிறந்தநாள் விளையாட்டுப் போலிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்தது.

அவள் கண்ணைக் காட்டினாள். அவன் பலூன் முடிச்சை அவிழ்த்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னான்.

“டேய் ஆறுச்சாமி, காய்க்குள்ள காசு போட்டியாடா? கதவத் தெறடா.”

அறையே வெடித்தது. முன்வரிசைப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஒருவன் மேசையைத் தட்டி, “இன்னொரு தடவை அண்ணா!” என்றான். ஆறுச்சாமி அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் இன்னொரு மூச்சு இழுத்து, இன்னொரு தடவை கூப்பிட்டான். சிரிப்பு இன்னும் பெரிதானது.

கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டு, கடைசி ஆள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு திரையில் சென்னியப்பனின் படத்தைப் போட்டு, அந்தக் குரல் யாருடையது, அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் யார் என்று சொன்னாள். முன்வரிசைப் பெண் துப்பட்டாவை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். ஆறுச்சாமி சுருங்கிப்போன பலூனைக் கையில் வைத்துக்கொண்டு, போகலாமா என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

“இரு” என்றாள் அவள், இன்னொரு பலூனை எடுத்து அவனிடம் நீட்டியபடி. “மத்தியானம் அடுத்த வகுப்பு இருக்கு.”